சட்டையின் நீளம்

செவ்வாய் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று முதல் வரியில் எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்படித்தான் தொடங்கினேன். எழுதி முடித்ததும் தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். நம் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய கதவு இது ஒன்றுதான். சற்று முன் அம்மா வெளியிலிருந்து, "என்னடி, உள்ள உக்காந்து சொறியிறியா?" என்று கேட்டாள். "இல்லம்மா, வயிறு சரியில்ல" என்றேன். இப்படியே போனால் எனக்குத் தோலைவிட வயிறுதான் பெரிய நோய் என்று நினைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் உன் கைக்குப் போன் வரும்போது இங்கே அம்மாவும் அத்தையும் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். அதனால்தான் கடிதம். பதிலை என் தோழி வீட்டு விலாசத்துக்குப் போடு. உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன்.

தம்பி குண்டாகிவிட்டான். நீயும் போனில் பார்த்துச் சிரித்தாய். நீ நர்ஸ் படிப்புக்குக் கிளம்பியபோது அத்தை அவனைக் குச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம், "பால்ல சத்து இருந்தா புள்ள ஏன் இப்படி இருக்கப் போறான்" என்பாள். அம்மா தையல் இயந்திரத்தை வேகமாக மிதிப்பாள். இப்போது அதே அத்தை, "என் பூசணிக்காயே" என்று அவனைக் கீழே விடுவதில்லை. ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் அம்மா, "தனியா எதுவும் குடுக்கலைங்க, என் பால்தான்" என்கிறாள். அதைச் சொல்வதற்காகவே ஊசியில் நூல் கோப்பதை நிறுத்துகிறாள். அம்மா இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை. கப்பலிலிருந்து அப்பா பேசும்போது, "எங்க என் பயில்வான்?" என்று அவனைத்தான் முதலில் கேட்கிறார்.

நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். போன வாரம் புதுச் சட்டைக்கு அளவெடுத்தபோது நாடாவின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பழைய சட்டையில் பொத்தானும் அதன் காஜாத் துளையும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கக்கூட முடியாத தூரத்தில் இருந்தன. ஆனால் சட்டையின் கீழ் ஓரம், நீ ஊருக்குப் போனபோது எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. அகலத்தில் இவ்வளவு வளர்ந்தவன் நீளத்தில் ஏன் வளரவில்லை? அம்மாவிடம் கேட்டேன். நடந்து போகிறவரைப் பார்த்தே துணி எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறவள், "குண்டுப் பசங்க அப்படித்தான்டி" என்று நாடாவைச் சுருட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கன்னம் வெயிலில் நின்ற மாதிரி சிவந்து பளபளக்கிறது. நெற்றியிலும் முதுகிலும் பூனைமுடி வந்திருக்கிறது. வயிறு பானை மாதிரி இருக்கிறது, கை கால் மட்டும் மெலிந்தே இருக்கின்றன. குடித்து முடித்த உடனே மறுபடியும் பாலுக்கு அழுகிறான். அழுத்திப் பிடித்துத் தூக்கினால் அந்த இடம் நீலமாகிவிடுகிறது. உன் பாடப் புத்தகத்தில் இதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறதா, தனித்தனிப் பக்கங்களில் இருக்கிறதா?

நேற்று என் தோல் கரப்பானைக் காட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் பிரிவில் இப்போது ஒரு டாக்டரம்மா இருக்கிறார். பழைய டியூபைக் காட்டாமல் புது டியூப் எழுத மாட்டார். அதனால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கசங்கிய டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டியூப் டாக்டரம்மா என்றுதான் பெயர். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் டியூபைப் பார்ப்பார்.

எங்கள் டியூபை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "தினம் கொஞ்சமா எடுத்திருந்தா அங்கங்க நசுங்கியிருக்கும். இது இஸ்திரி போட்ட மாதிரி இருக்கே. மொத்தமாப் பிதுக்கினது யாரு?" என்று கேட்டார்.

அம்மா கண் இமைக்காமல், "இவதான் டாக்டர். சொன்னாக் கேக்கறதில்ல. அள்ளி அள்ளிப் பூசிக்கிறா" என்றாள்.

நான் தரையைப் பார்த்தேன், அக்கா. அந்த டியூபை அம்மாவின் மர ஸ்கேல்தான் அழுத்தியது.

டாக்டரம்மா என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அத்தனை மருந்தும் இந்தத் தோலுக்குப் போன மாதிரி தெரியலையே" என்றவர், இந்தத் தடவை டியூப் வேண்டாம், வெள்ளை க்ரீம் மட்டும் போதும் என்று எழுதினார். அம்மா சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கும் வரிசைக்குப் போனாள். படிக்க வந்த மாணவர்கள் என் முழங்கையைப் பார்க்க வேண்டும் என்று என்னை அங்கேயே உட்கார வைத்தார்கள். கண்காட்சிக்கு வைத்த பொம்மை மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒருவர் வந்தார். முகம் உருண்டை, கை கால் ஒல்லி. அரிப்புக்காகக் கடையில் தானாகவே மாத்திரை வாங்கிப் பல மாதம் விழுங்கியவராம். டாக்டரம்மா மாணவர்களைப் பார்த்து, "இது சதை இல்ல. ஸ்டீராய்டு அதிகமானா முகம் இப்படி உருண்டு போகும். குழந்தையா இருந்தா உயரம் நின்னுடும்" என்றார். நீட்டிய என் கை தானாக மடங்கிவிட்டது.

அந்த மனிதர் கோபமாக, "அப்ப இன்னைக்கே தூக்கிப் போட்டுடறேன்" என்றார். டாக்டரம்மா வேண்டாம் என்று தடுத்தார். நம் ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் தொப்பி மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கிறதாமே! இதே சரக்கை நமக்கு வேண்டிய அளவு அதுவே செய்துகொள்ளுமாம். வெளியிலிருந்து நிறைய வந்தால், நமக்கு வேலை இல்லை என்று அது தூங்கிவிடுமாம். தூங்குகிற தொப்பியை நினைத்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. உனக்குத் தெரியுமா இது?

நான் மெதுவாக, "டாக்டர், மாத்திரை இல்லாம களிம்பாலயும் முகம் உருளுமா?" என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு இல்ல. சின்னக் குழந்தைக்கு உடம்பு பூரா, தினம் பலதடவை பூசினா ஆகலாம். இடுப்புத் துணிக்குள்ள பூசினா இன்னும் உள்ள இறங்கும். ஏன் கேக்கறே?" என்றார். சும்மா என்றேன். அம்மா க்ரீம் டப்பாவோடு வந்துவிட்டாள்.

இப்போது டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குக் கொடுத்தவை இரண்டு. ஒன்று டியூப், கடுமையானது, தடித்த இடத்தில் மட்டும் லேசாக, சில நாள் பூசுவது. இன்னொன்று வெள்ளை க்ரீம். அது தோல் காயாமல் இருக்க. வீட்டில் யாரும் பூசலாம், குழந்தைக்குக்கூடப் பூசலாம் என்று நர்ஸ் சொன்னார். அம்மா இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து யோசித்தாள். கடுமையான மருந்தைப் பரவலாகக் கலந்துவிட்டால் சாதுவாகிவிடும், ஒரே கையில் பூசி முடித்துவிடலாம் என்று டியூபை ஸ்கேலால் அழுத்தி டப்பாவுக்குள் பிதுக்கி, கரண்டிக் காம்பால் கலக்கிவிட்டாள். டப்பா பாதியாகும்போதெல்லாம் இன்னொரு டியூப். தெருமுனை மருந்துக்கடைக்காரர், "உங்களைத் தெரியாதா, சீட்டு எதுக்கு" என்று கொடுத்துவிடுகிறார். தம்பிக்குத் தொடை இடுக்கில் சிவந்து புண்ணானது. குழந்தைக்கும் பூசலாம் என்றார்களே என்று அதே டப்பாவிலிருந்து எடுத்தாள். மறுநாளே ஆறிவிட்டது. அதிலிருந்து குளிப்பாட்டினால் உடம்பு முழுக்க, துணி மாற்றினால் இடுப்பில் என்று பூசிக்கொண்டே இருக்கிறாள்.

அம்மா சொல்வது போல அது பாலால் வந்த சதைதானா, அக்கா? நான்தான் தப்பாக நினைக்கிறேனா? இதைச் சொன்னால், என் தோல்தான் நாசம், தம்பியும் நன்றாக இருக்கக் கூடாதா என்று பொறாமைப்படுகிறேன் என்பாள். அதைத் தாங்கிக்கொள்வேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாளே, அதை நான் எப்படிக் கலைப்பது?

நேற்று மாலை, அம்மா கலந்து வைத்திருந்த அந்த டப்பாவை எடுத்து என் பழைய புத்தகப் பைக்குள் ஒளித்துவிட்டேன். அத்தைதான் முகத்தில் பூசிக்கொள்ள எடுத்துப் போயிருப்பாள் என்று அம்மா மாடியைப் பார்த்து முணுமுணுக்கிறாள். கடையில் அந்தக் களிம்பு தீர்ந்துவிட்டதாம். இனி எல்லாம் சரியாகிவிடும் இல்லையா? சீக்கிரம் எழுது.

உன் கேள்வி மூட்டை


சனி இரவு

அக்கா,

முதல் கடிதம் உன் கைக்கு இன்னும் வந்திருக்காது. அதற்குள் இது.

தம்பிக்கு வியாழக்கிழமை சளி பிடித்தது. சாதாரணச் சளிதான். ஆனால் நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை. குடித்த கொஞ்சத்தையும் கக்கிவிட்டான். இன்று முழுக்கத் தூங்குகிறான். பாலுக்காக வீட்டையே ரெண்டாக்கியவன் இப்போது அழக்கூட இல்லை. கையைத் தூக்கிவிட்டால் அது துணி மாதிரி விழுகிறது. "பல்லு வர்ற நேரம், தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று அத்தை சொன்னாள். அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாள்.

எனக்கு அந்த உருண்டை முகக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. "இன்னைக்கே தூக்கிப் போட்டுடறேன்" என்று அவர் சொன்னபோது டாக்டரம்மா ஏன் தடுத்தார்? தொப்பி தூங்குகிறது, அதை மெதுவாகத்தான் எழுப்ப வேண்டும், நடுவில் காய்ச்சல் சளி வந்தால் உடம்பால் தாங்க முடியாது, உடனே ஓடி வாருங்கள் என்று சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன். எனக்குத் தொப்பி வேடிக்கையாக இருந்தது. அதை மட்டும் மூளையில் போட்டுக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன்.

டப்பா இருந்தபோது அவன் குண்டாக இருந்தான். டப்பாவை நான் எடுத்த பிறகு இப்படிக் கிடக்கிறான். எது தப்பு, அக்கா? பூசியதா, நிறுத்தியதா? இரண்டுமா?

நான் சொன்னால் அம்மா என்ன செய்வாள் என்று தெரியவில்லை. எழுத்து கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள். விடிந்த பிறகு சொல்லலாமா என்றும் தோன்றுகிறது. ஆனால் குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தேன். குழாய் சொட்டும் சத்தம்தான் கேட்கிறது.

தாழ்ப்பாளைத் திறக்கப் போகிறேன்.


திங்கள் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் கிடைத்தது. "நீயாக நிறுத்தாதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்" என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாய். அது வந்தபோது நாங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம். வீட்டுக்கு வந்து பல வாரம் ஆகிவிட்டது. போனில் அம்மா, "இப்ப பரவாயில்ல" என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருப்பாள். மீதியை நான் எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை இரவு டப்பாவைக் கொண்டுபோய் அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் வைத்தேன். சொல்ல வேண்டியதை முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். மோந்து பார்த்தாள். தம்பியின் சட்டையைக் கீழே இழுத்து விட்டாள். அதன் ஓரம் பழைய இடத்திலேயேதான் நின்றது. "செருப்பைப் போடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், "ஏதாவது மருந்து குடுத்தீங்களா?" என்று கேட்டார். "மருந்து எதுவும் இல்லைங்க, வெறும் க்ரீம்தான்" என்றாள் அம்மா. பொய் இல்லை, அவள் அதை மருந்தாகவே நினைக்கவில்லை. நான் டப்பாவை மேசைமேல் வைத்து, இதற்குள் டியூப் இருக்கிறது என்றேன். எந்த டியூப், எவ்வளவு நாளாக, எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்ததாம். ஊசி போட்டார்கள். போட்டது என்ன தெரியுமா? ஸ்டீராய்டு! எது அவனை அப்படி ஆக்கியதோ அதையே கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள். பொழுது விடிந்தபோது அவன் அழுதான். அவன் அழுகை அவ்வளவு இனிமையாக இருந்து நான் கேட்டதில்லை.

காலையில் டியூப் டாக்டரம்மா வந்தார். அவர் திட்டவில்லை. "வீட்டுல எப்படிக் கலந்தீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். அம்மா வெறும் கையாலேயே ஸ்கேலை அழுத்துவது போலவும் டப்பாவைக் கலக்குவது போலவும் செய்து காட்டினாள். பிறகு தலையைத் தூக்காமல், "அன்னைக்குப் பொண்ணு பூசிக்கிட்டான்னு சொன்னது பொய் டாக்டர். அவ அப்படிப்பட்டவ இல்ல" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார். பிறகு, "எங்க பூசணும்னு சொன்னேன். எதோடயும் கலக்காதீங்கன்னு சொல்லல. எனக்கு அது தோணவே இல்ல. டியூபைப் பார்த்துச் சந்தேகம் வந்தும் உங்களை அப்படியே அனுப்பினேன். அது என் தப்பு" என்றார். மருந்து கெட்டது என்று பயந்து ஓடவும் வேண்டாம், நல்லது என்று எல்லார்மேலும் பூசவும் வேண்டாம், யாருக்கு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதுதான் கணக்கு என்றார். இப்போது அந்த அறையில் ஒவ்வொருவரையும் வீட்டில் பூசுவது போலச் செய்து காட்டச் சொல்கிறாராம். வரிசை வாசல் வரை நீள்கிறது என்று நர்ஸ் அலுத்துக்கொண்டார்.

தம்பிக்கு இப்போது ஒரு மருந்து வேளை தவறாமல் கொடுக்கிறோம். அதன் அளவை டாக்டர்தான் குறைத்துக்கொண்டு வருகிறார். தொப்பி கண் விழித்துவிட்டதா என்று பார்க்கக் காலையில் இரத்தம் எடுப்பார்கள். பாதிக் கண் திறந்திருக்கிறதாம். சளி காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அம்மா அதைத் தையல் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டாள்.

எனக்குக் கரப்பான் கொஞ்சம் திரும்பி வந்தது. களிம்பே வேண்டாம் என்று அழுதேன். டாக்டரம்மா விடவில்லை, லேசான ஒன்றைக் கொடுத்தார். விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை ஒரு வரியாகப் பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும் என்றார். யார் விரல் என்று நான் கேட்டேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர்கள் விரல்தானாம். நல்ல கேள்வி என்று மாணவர்களை எழுதிக்கொள்ளச் சொன்னார். அம்மா தன் விரலில் துணிக்குக் குறி வைக்கும் சாக்கட்டியால் கோடு போட்டுத்தான் எனக்குப் பூசுகிறாள். ஒரு துளி கூடினால் மறுபடியும் டியூபுக்குள் போட வழி உண்டா என்று பார்க்கிறாள்.

சொல்ல வந்தது இதுதான், அக்கா. தம்பி இளைத்துவிட்டான். கன்னம் வற்றிவிட்டது. அத்தை, "மருந்தைப் பூசிக் கொழுக்க வெச்சிருக்கா, நாமளும் பால்னு நம்பினோம்" என்று மாடிப்படியில் நின்று யாரிடமோ சொன்னாள். அம்மா காதில் விழுந்தது. இயந்திரத்தை வேகமாக மிதிக்கவில்லை. மிதிக்கவே இல்லை, பல நாள். வந்த துணியெல்லாம் மூட்டையாகக் கிடந்தது. பால் கொடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு கொடுக்கிறாள்.

நேற்று மதியம்தான் முதல் தடவை இயந்திரத்தில் உட்கார்ந்தாள். தம்பியின் அந்தப் புதுச் சட்டையை எடுத்துப் பக்கத்துத் தையலைப் பிடித்தாள். அவன் குண்டாக இருந்தபோது அளவெடுத்தது, இப்போது பொத்தான் போட்டால் தொளதொளவென்று இருந்தது, அதனால். பிடித்துவிட்டு அவனுக்குப் போட்டுப் பார்த்தாள். கீழ் ஓரம் முன்பு நின்ற இடத்தைவிட மேலே ஏறியிருந்தது. சட்டையைக் கழற்றி, கீழ் மடிப்பைப் பிரித்து, மடக்கி வைத்திருந்த துணியை இறக்கிவிட்டாள். என்னைக் கூப்பிட்டு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். நான் பிடித்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. கேள்வி மூட்டையாகிய நானே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

விடுமுறைக்கு நீ வரும்போது அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். நீ முதலில் என்ன சொல்கிறாய் என்று உன் வாயைத்தான் பார்ப்பாள். நீ நர்ஸ் படிக்கிறவள், உன் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு உண்டு. தயவுசெய்து, அக்கா, "இளைச்சுட்டானே" என்று மட்டும் சொல்லிவிடாதே. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் சட்டை ஓரத்தைப் பிடித்துப் பார். "என்னம்மா, இவ்வளவு உயரமாயிட்டான்" என்று சொல். அத்தை காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்.

அது பொய் இல்லை. நாடாவைப் பிடித்தவள் நான்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
தங்கை